இரண்டாவது சுமங்கலி

தயாளினியின் கலியாணப் பட்டியலில் வாழைமரம் நான்கு, குத்துவிளக்கு இரண்டு, ஐஸ் பெட்டி ஆறு என்று போய்க்கொண்டிருக்கும்போதே நடுவில் ‘சுமங்கலி – 2’ என்றொரு வரி வரும். முதல்முறை பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து பறந்து வந்து திருகோணமலைக் கடற்கரையில் கலியாணம் வைக்கிறவர்கள் கூறைச்சேலையைக் கொண்டுவருவார்கள், தாலியைக் கொண்டுவருவார்கள், படம் பிடிக்கிறவரைக்கூடக் கொண்டுவருவார்கள். மாமிமாரையும் பெரியம்மாமாரையும் மட்டும் கொண்டுவர முடியாது. தாலி கட்டி முடிந்ததும் ஆலாத்தித் தட்டை இரண்டு பக்கமும் பிடித்துச் சுற்றுவதற்கு, புருசன் உயிரோடிருக்கிற பெண்கள் இருவர் வேண்டும். அவர்களையும் தயாளினியே ஏற்பாடு செய்வாள்.

வழக்கமாக வருகிறவர்கள் இராசமலரும் புஸ்பராணியும். இராசமலர் உவர்மலையில் சட்டை தைக்கிறவள். புஸ்பராணி குடாவுக்கு அந்தப் பக்கம் கட்டைபறிச்சானிலிருந்து வருவாள். பட்டுச்சேலை கட்டி, தலைநிறையப் பூ வைத்து, பெண்ணைத் தூக்கி வளர்த்தவர்கள்போல மணவறையருகே நிற்பார்கள். பெண்ணின் பெயரே மேடையில் ஏறும்போதுதான் அவர்களுக்குத் தெரியும். இராசமலரின் புருசன் குடித்துவிட்டு வந்து கையில் கிடைத்ததைக்கொண்டு அடிக்கிறவன். போன தைமாதக் கலியாணத்தில் அவள் கன்னத்து வீக்கத்தை மாவு பூசி மறைத்துக்கொண்டு நின்றாள். அதைப் பற்றி எந்த வீட்டாரும் கேட்டதில்லை. அவனுக்கு மூச்சிருக்கிறதா என்பதுதான் சாத்திரத்தின் கேள்வி. அந்த மூச்சில் சாராயம் மணக்கிறதா என்பதல்ல.

தயாளினிக்கு நாற்பத்து மூன்று வயது. பூ, பந்தல், சாப்பாடு, மேளம், ஐயர், வாகனம் எல்லாவற்றுக்கும் அவள்தான். ஆனால் ஆலாத்தித் தட்டை அவள் தொடுவதில்லை. நெற்றியில் பொட்டு இருக்கும், கழுத்தில் தாலிக்கொடி இருக்கும், ஆனாலும் தட்டு எடுக்கிற நேரம் வந்ததும் சமையல் நடக்கிற குசினிப் பக்கம் ஏதோ வேலையிருப்பதுபோல நழுவிவிடுவாள். ஊர்க்காரருக்குக் காரணம் தெரியும். வெளிநாட்டுக்காரர் கவனிப்பதில்லை.

அவளுடைய புருசன் நிருபன் ஓட்டோ ஓட்டியவன். இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு ஆவணி மாதம், நிலாவெளிக்கு ஒரு ஹயர் ஓட்டம் இருக்கிறது, பின்னேரம் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனான். நாலரை மணிக்கு யாரோ தகவல் சொல்லி அவள் ஓடிப்போனபோது, இறக்கக்கண்டிக்கு இப்பால், கடற்கரைக்கு இறங்குகிற மண்பாதையில், கடலை நோக்கிச் சாய்ந்து நின்ற ஒரு பாலைமரத்தின் கீழே ஓட்டோ மட்டும் நின்றது. திறப்பு சாவித்துவாரத்திலேயே கிடந்தது. இடப்பக்கத்துச் சிக்னல் லைட் எரிந்து எரிந்து அணைந்துகொண்டிருந்தது. திரும்புவதற்காகப் போட்டிருக்கிறான், திரும்பவில்லை.

பேய் என்று ஒன்று இல்லை. இருந்திருந்தால் தயாளினிக்கு நல்லது. பேய் வந்தால் ஆள் செத்துவிட்டான் என்றாவது நிச்சயமாயிருக்கும். அவளைத் தொடர்ந்து வந்தது அந்தச் சிக்னலின் டிக், டிக் சத்தம். மின்விசிறியின் மூடி தளர்ந்தால் அது கேட்கும். பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது கேட்கும். அவள் செய்கிற பந்தல்களில் மினுக்கு மினுக்கென்று விட்டு விட்டு எரிகிற பல்புமாலை ஒருபோதும் இருக்காது. நல்ல ரசனை என்று மெச்சுவார்கள்.

நிருபனின் தமையன் ஒருமுறை வந்து, “ஒரு திதியைக் குடுத்து முடிச்சுவிடுவம், அவன்ட ஆத்மாவும் அலையாது” என்றார். “எந்தத் திதி, அத்தான்? கொண்டு போனவங்களைக் கேட்டு நாளைச் சொல்லுங்கோ, குடுக்கிறன்” என்று அவள் கேட்டாள். அவர் பிறகு வரவில்லை. மரணச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி ஒரு உத்தியோகத்தர் படிவத்தை நீட்டியபோதும் அவள் வாங்கவில்லை. கொண்டுபோனவனைக் கண்டுபிடிக்காத நாட்டில், கொண்டுபோகப்பட்டவனைச் செத்தவனென்று எழுதித்தரும் வேலையைப் பெண்சாதிதான் செய்யவேண்டுமாம்.

அந்தப் பாலைமரத்தைச் சுற்றியிருந்த காணியில் பின்பு ஒரு ஹோட்டல் வந்தது. புல்தரை, நீச்சல் தடாகம், மூங்கில் குடில்கள். கலியாணத்துக்கு அதைவிட நல்ல இடம் அந்தக் கரையில் இல்லை. தொழில் என்று இறங்கினால் அங்கே போகாமலிருக்க முடியாது. பதினொரு கலியாணங்களை அங்கே நடத்திவிட்டாள். பதினொன்றிலும் மணவறை நீச்சல் தடாகத்துப் பக்கம், பாலைமரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. யாராவது மரத்தைக் கைகாட்டினால், “அங்கால கச்சான் காத்து நேர அடிக்கும், விளக்கு நிக்காது” என்பாள். ஹோட்டல் மனேஜர் பஹ்மி, கிண்ணியாக்காரன், அதைக் கேட்டுக்கொண்டு தலையாட்டுவான். அவனுக்கும் விசயம் தெரியும்.

பன்னிரண்டாவது கலியாணம் அன்னலட்சுமியின் மகள் கௌசிகாவுடையது. அன்னலட்சுமி கனடாவில் இருபத்தெட்டு வருடம். நாலு மாதமாக ஒருநாள் விடாமல் தொலைபேசியில் முகத்தைக் காட்டினாள். ஒருநாள் ஏதோ ஒரு படத்தைக் கமராவுக்கு நேரே பிடித்தாள். சாய்ந்த பாலைமரம், பின்னால் கடல்.

“தயா, இந்த மரத்தடியிலதான் மணவறை. பிள்ளைக்கு அதிலதான் கண்.”

“அக்கா, ஆவணியில கச்சான் பேய்க்காத்தா அடிக்கும். விளக்கு நிக்காது.”

“கண்ணாடி போட்டு மூடுங்கோவன்.”

“தடாகத்துப் பக்கம் இன்னும் வடிவா வரும், அக்கா. படம் அனுப்பட்டே?”

“தடாகம் எங்கட வீட்டுக்குப் பின்னாலயும் கிடக்கு. ஏலாது எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. ஏலாது எண்டு கேக்கவே நான் இவ்வளவு தூரம் வாறன்?”

உண்மையான காரணத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் கலியாணம் வேறு ஆளிடம் போகும், ஹோட்டலுக்கும் பெயர் கெடும், “அந்த மரத்தடியில ஆளைத் தூக்கினதாம்” என்று ஊர் ஊராய்க் கதை போகும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. தயாளினி சரியென்றாள். அன்று முழுவதும் அவள் காதுக்குள் டிக், டிக்.

கலியாணத்தன்று காலை ஏழு மணிக்குப் பந்தல் முடிந்துவிட்டது. மரத்தின் சாய்வையே கூரையாக்கி, வெள்ளைச் சீலையும் செவ்வரத்தம்பூவும் கட்டியிருந்தார்கள். அவள் பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக அந்த மரத்தைத் தொட்டு, ஒரு கயிற்றை இழுத்துப் பார்த்தாள். பட்டை சொரசொரவென்றிருந்தது. மரம்தான், வேறொன்றுமில்லை. ஆனாலும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் புஸ்பராணியின் அழைப்பு வந்தது.

“அக்கா, எனக்கு வர ஏலாது. சித்தப்பா விடிய மோசம் போட்டார். செத்தவீட்டுத் துடக்கு.”

“ஐயோ. பத்துமணிக்கு முகூர்த்தம், ராணி. நீ வந்து நிண்டா இஞ்ச ஆருக்குத் தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியுமே, அக்கா.”

தயாளினி தொலைபேசியை வைத்தாள். தட்டு பிடிக்காமல் குசினிப் பக்கம் ஓடுகிறவளுக்கு அந்தப் பதிலை மறுத்துப் பேச என்ன வாய் இருக்கிறது?

இராசமலர் பூக்கூடையுடன் வந்து சேர்ந்தாள். விசயத்தைக் கேட்டதும், “விருந்துக்கு வந்ததுகளுக்குள்ள ஒண்டைப் பிடியன்” என்றாள்.

“மாப்பிள்ளை வெள்ளைக்காரன். அவற்ற ஆக்கள் பத்துப் பேர், வெயிலில இறால்மாதிரிச் சிவந்துபோய் நிக்கினம். பொம்பிளை பக்கம் சின்னம்மா விவாகரத்து, மச்சாள் தனிய. மிச்சம் எல்லாம் கட்டாத பெட்டையள்.”

“தாய்க்காரி?”

“தாய் ஆலாத்தி எடுக்கிறேல்லத்தானே. எடுத்தாலும், அவவின்ட மனுசன் பதினைஞ்சு வருசமா வேற ஒருத்தியோட. இண்டைக்குத் தாரைவார்த்துக் குடுக்க மட்டும் வந்து நிக்கிறார். நாளைக்குப் பிளேன்.”

“அது சுமங்கலிதானடி. ஆள் உசிரோட இருக்கே” என்று இராசமலர் வாயைக் கோணினாள். “என்னைப்போல.”

பஹ்மி கதிரைகளை எண்ணிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தான். “தயாக்கா, ஆள் குறையெண்டா என்ட பொஞ்சாதியக் கூப்பிடவா?” என்று சிரித்தான். “ஆனா ஒண்டு, அவ வந்தா தட்டோட சேத்து என்னையும் மூணு சுத்துச் சுத்திக் கடலுக்குள்ள எறிஞ்சுபோடுவா.”

சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் இராசமலர் தயாளினியின் கழுத்துக்கொடியைப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பூவைப் பிரிக்கத் தொடங்கினாள். தயாளினி நிலாவெளியிலும் சாம்பல்தீவிலும் தெரிந்த நாலைந்து வீடுகளுக்குத் தொலைபேசி எடுத்துப் பார்த்தாள். ஒருத்தி வயலில், ஒருத்தி ஆசுபத்திரியில், ஒருத்தி எடுக்கவேயில்லை.

பத்தே காலுக்குத் தாலி ஏறியது. மேளம் கெட்டியாய் முழங்கியது. கௌசிகா குனிந்திருந்தாள், மாப்பிள்ளை வியர்வையில் நனைந்து, முடிச்சுப் போடத் தெரியாமல் சிரித்தான். எல்லாரும் அரிசியும் பூவும் எறிந்தார்கள். இராசமலர் பித்தளைத் தட்டில் வாழைப்பழத் துண்டுகளை வைத்து, ஒவ்வொன்றிலும் திரி குத்தி, கண்ணாடித் தடுப்புக்குள் கொளுத்திவிட்டு, தட்டை ஏந்தியபடி தனியாக நின்றாள்.

அன்னலட்சுமி சுற்றிப் பார்த்தாள். “தயா, மற்ற ஆள் எங்க?”

“துடக்கு வந்திட்டுது, அக்கா. அவவால வர ஏலாமப் போச்சு.”

“அதுக்கென்ன, நீங்க பிடியுங்கோவன். பொட்டும் தாலியுமா லட்சுமிமாதிரித்தானே நிக்கிறீங்க. வாங்கோ, வாங்கோ.”

“நான் அந்தத் தட்டுப் பிடிக்கிறேல்ல, அக்கா.”

“ஏன்?” அன்னலட்சுமியின் கை தயாளினியின் முழங்கையைப் பிடித்துவிட்டது. “உங்கட மனுசன் இருக்கிறார்தானே?”

இருக்கிறார்தானே. இவ்வளவு சின்னக் கேள்வி. ‘ஓம்’ என்றால் தட்டைப் பிடிக்கலாம், காரியம் முடிந்துவிடும். ஆனால் மேளகாரருக்குத் தெரியும், சமையல்காரருக்குத் தெரியும், ஐயருக்குத் தெரியும். நாளைக்கே, பிழைப்புக்காகப் பொய் சொல்லிப் பெண்ணுக்கு ஆலாத்தி எடுத்தவள் என்றாகிவிடும். ‘இல்லை’ என்றால் நழுவிப் போகலாம். அந்தச் சொல்லைத்தான் அவள் நிருபனின் தமையனுக்குக் கொடுக்கவில்லை, உத்தியோகத்தருக்குக் கொடுக்கவில்லை, தனியே இருக்கிற நேரத்தில் தனக்குத்தானே கொடுத்ததுமில்லை. இப்போது ஒரு பித்தளைத் தட்டைச் சாட்டி, அதுவும் இந்த மரத்தின் கீழேயே நின்று, அவனைத் தன் வாயால் கொல்லவேண்டுமா? யாரோ செய்த குற்றத்துக்கு அவள் கழுத்தையும் நெற்றியையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல ஊரே தயாராயிருந்தது. குற்றம் செய்தவனின் நெற்றியை யாரும் பார்த்ததில்லை.

ஐயர் கற்பூரத்தை எடுக்க இருவருக்கும் நடுவே குனிந்தார். அவருடைய சால்வையில் குத்தியிருந்த மைக் அவள் வாயிலிருந்து ஒரு முழத் தூரத்தில் இருந்தது. அது அவளுக்கு நினைப்பில்லை.

“தெரியாது” என்றாள்.

நாலு ஒலிபெருக்கிகளும் சேர்ந்து ‘தெரியாது’ என்றன.

“என்ன தெரியாது?”

“இருக்கிறாரோ இல்லையோ தெரியாது. பதினெட்டு வருசம். இந்த மரத்தடியில வச்சுத்தான் ஓட்டோவில இருந்து இறக்கிக் கொண்டு போனவங்கள். பிறகு ஒண்டும் தெரியாது.”

மேளகாரர் கையைத் தோலில் வைத்தபடியே நிறுத்திவிட்டார். கச்சான் காற்றில் பந்தல் சீலை படபடத்தது. அன்னலட்சுமி முழங்கையை விட்டாள், சுட்டதுபோல விட்டாள்.

“ஐயோ கடவுளே! என்ட பிள்ளையின்ட கலியாணத்தை இந்த மரத்தடியில கொண்டுவந்து வச்சிட்டீங்களே!”

“நான் காத்தெண்டு சொன்னனான், அக்கா. நீங்கதான் மரத்தைக் கேட்டீங்க.”

“காத்தெண்டால் காத்தெண்டுதானே நினைப்பம்! விசயத்தை வாய்திறந்து சொல்லியிருக்கலாமே!”

அது நியாயம்தான்.

மணவறையில் இருந்த கௌசிகா நிமிர்ந்தாள். மாலை கழுத்தில் பாரமாய்க் கிடக்க, தட்டுத்தடுமாறிய தமிழில் கேட்டாள். “அவருக்கு என்ன பேர், அன்ரி?”

தயாளினி அவளைப் பார்த்தாள். எத்தனையோ மேசைகளுக்கு முன்னால் அந்தப் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறாள். பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம். உரக்கச் சொல்லிப் பல காலம்.

“நிருபன்” என்றாள்.

மைக் அதையும் எடுத்தது. ‘நிருபன்’ என்று கடற்கரை நெடுகப் போனது. கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் தலையைத் திருப்பினார்கள். ஐயர் பதறிப்போய் மைக்கைப் பொத்தினார். அன்னலட்சுமி கைலேஞ்சித் துணியை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

“அடியேய்” என்றாள் இராசமலர். “நெய் உருகி என்ட கையில ஊத்துது. பாரமாக் கிடக்கு. அங்கால பிடி.”

தயாளினி பிடித்தாள். மூன்று சுற்று. தட்டு பாரமாகவும் விளிம்பு சூடாகவும் இருந்தன. இரண்டாவது சுற்றில், தடுப்புக்கு வெளியே வந்த ஒரு திரி அணைந்தது. அன்னலட்சுமியின் கண் அதிலேயே நின்றதைத் தயாளினி கண்டாள். எவள் தட்டைப் பிடித்தாலும் கச்சான் திரியை அணைக்கத்தான் செய்யும். அவள் அப்போதே சொன்னதும் அதுதான். ஆனால் இனி அந்த வீட்டில் பிள்ளைக்கு ஒரு தலையிடி வந்தாலும் அந்தத் திரியைத்தான் சொல்வார்கள். சொல்லட்டும். அவள் தட்டை விடவில்லை.

பந்தி தொடங்கியதும் எல்லாரும் மண்டபத்துக்குள் போய்விட்டார்கள். அன்னலட்சுமி அவளுடன் கதைக்காமல் பஹ்மியிடம் மட்டும், “சோத்துக்கு ஆளை விடச் சொல்லுங்கோ” என்று சொல்லிவிட்டுப் போனாள். இராசமலர் பரிமாறப் போனாள். தயாளினி மட்டும் வெறும் கதிரைகளுக்கு நடுவே நின்று, கழற்ற வேண்டியவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்றாலும் அவள் பார்த்தது பந்தலை அல்ல. மரத்திலிருந்து பாதைக்கு எத்தனை அடி, ஓட்டோ எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று மனம் அளந்துகொண்டிருந்தது. அவள் கதிரைகளைப் பாதையின் மேலேதான் போட்டிருக்கிறாள்.

கடற்கரைப் பக்கமிருந்து ஒரு மனிசி வந்தாள். அறுபது வயதிருக்கும். சேலைத் தலைப்பை முக்காடாக இழுத்துவிட்டிருந்தாள். கையெல்லாம் மீன்செதிள். ஹோட்டல் எல்லையில் கட்டியிருந்த கயிற்றருகே நின்றுவிட்டாள்.

“மைக்கில கதைச்சது நீங்களா, புள்ள?”

“ஓம். நீங்கள்?”

“உம்மு குல்சும். இந்தா, இறக்கக்கண்டி. கருவாடு போடுற.” அவள் மரத்தைப் பார்த்தாள், உடனே கண்ணை எடுத்தாள். “பேர் எனக்குத் தெரியா. ஆனா இந்த மரத்தடி எண்டு சொன்னீங்க. ஓட்டோ எண்டும் சொன்னீங்க.”

தயாளினி கயிற்றருகே வந்தாள்.

“அப்ப இதெல்லாம் தாழங்காடு. நானும் என்ட மச்சியும் அதுக்குள்ளதான் மீன் பரப்பிக்கிட்டிருந்த நாங்க. நாங்க இருந்தத அவனுகள் காணல்ல.” உம்மு குல்சும் தன் வாயைத் தானே பொத்தி எடுத்தாள். “பயம், புள்ள. எனக்கும் மூணு ஆம்புளப் புள்ளைகள். மச்சியும் மௌத்தாகி அடக்கியாச்சு. ஒருத்தரும் வந்து கேக்கவும் இல்ல. பொடியன்ட ஆக்கள் ஆரெண்டும் தெரியா. இண்டைக்கு மைக்கில கேட்ட உடன, கத்திய அப்பிடியே போட்டுட்டு வந்தன்.”

காணாமல்போனவர்களைப் பற்றி நகரத்து மண்டபங்களில் எத்தனை விசாரணை நடந்தது! குளிரூட்டிய அறை, நீள மேசை, தண்ணீர்ப் போத்தல்கள். மேசைக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர்கூட இந்த மண்பாதையில் இறங்கி, மீன் பரப்புகிறவளிடம் ‘நீ என்ன கண்டாய்?’ என்று கேட்டதில்லை. தயாளினியும் கேட்டதில்லை. பதினொரு கலியாணம் நடத்தியிருக்கிறாள்; நூறு மீற்றர் தொலைவில் இந்த மனிசி குந்தியிருந்து மீன் கீறிக்கொண்டிருந்திருக்கிறாள். மரத்துக்கு முதுகைக் காட்டியதில் இந்தப் பக்கத்துக்கும் முதுகைக் காட்டிவிட்டாள்.

“எந்த நேரம்?” என்று தயாளினி கேட்டாள்.

“பின்னேரம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லல்ல. அதுக்கு முந்தி.” உம்மு குல்சும் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். “நான் கண்டது நல்ல கதை இல்ல, புள்ள. கேட்டா பிறகு கேக்காதமாதிரி இருக்க ஏலா. சொல்லட்டா, வேணாமா? வேணாமெண்டா நான் இப்பிடியே போறன், உங்கள்ல பிழை இல்ல.”

மண்டபத்துக்குள் யாரோ சிரித்தார்கள், கோப்பைகள் மோதின. தெரியாது என்ற ஒரு சொல் இந்த நிமிசம்வரை அவளுக்கு இருந்தது. அதற்குள்தான் அவன் இத்தனை காலம் நடமாடினான். சிக்னல் போட்டபடி, திரும்பப்போகிறவனாகவே. இந்த மனிசி வாயைத் திறந்தால் அந்தச் சொல் போய்விடும்.

தயாளினி கயிற்றை அவிழ்த்தாள். வெள்ளை உறை போட்ட கதிரை ஒன்றை இழுத்து நிழலில் வைத்தாள்.

“இருங்கோ.”

“வேணாம், புள்ள. வெள்ளச் சீல. மீன் மணம் புடிச்சிரும்.”

“பிடிக்கட்டும். இருங்கோ.”

உம்மு குல்சும் விளிம்பில் மட்டும் உட்கார்ந்தாள். தயாளினி இன்னொரு கதிரையை அவளுக்கு நேரே போட்டு, முழங்காலோடு முழங்கால் முட்டும் அளவுக்கு நெருங்கி உட்கார்ந்தாள்.

“முதல்ல இருந்து சொல்லுங்கோ” என்றாள். “ஒண்டையும் விடாதேங்கோ.”